மேசை, அறை, அறுந்துபோகும் கம்பி: முனையத்தில் ஜன்னல் அடுக்குவது பற்றி

கம்ப்யூட்டர் திரையில் ஜன்னல்களை எப்படி அடுக்குவது என்பதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "நாட்டுல எவ்வளவோ கெடக்கு, நீ ஜன்னல் தொடைக்கப் போறியாக்கும்" என்றார். அவர் வீட்டுப் புத்தக அலமாரி மார்க்சியம், தலித்தியம், பெண்ணியம், 'மற்றவை' என்று நான்கு தட்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எதை எதன் பக்கத்தில் வைக்கிறோம், எதைக் கண்ணுக்குப் படாத இடத்தில் தள்ளுகிறோம் என்பதெல்லாம் அரசியல்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர். அந்த 'மற்றவை' தட்டைக் கிளறிப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. நான் எழுதப்போவதும் அந்தத் தட்டு விஷயம்தான்.

நான் எம்.ஏ. தமிழ். கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்கு இலக்கணம் நடத்திவிட்டு, அதுவும் ஓய்ந்தபின் மின்பிரதிகளைத் திருத்தும் வேலைக்குப் போனவன். நாளெல்லாம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சுட்டியைத் தொடுவதில்லை, கட்டளையைத் தட்டச்சு செய்வதோடு சரி. இந்தக் கறுப்புத் திரையைத்தான் டெர்மினல், முனையம் என்கிறார்கள். ஒரு பக்கம் மூலப்பிரதி, ஒரு பக்கம் அகராதி, கீழே தேடல், இன்னொரு இடத்தில் கடிதங்கள். இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் அடுக்கிக்கொள்வதற்கு ஸ்கிரீன், டீமக்ஸ், டிடபிள்யூஎம் என்று பல கருவிகள் இருக்கின்றன. நான் இவற்றைக் கருவிகளாக அன்றிப் பிரதிகளாக வாசிக்க விரும்புகிறேன். ஒவ்வொன்றும் உழைக்கிற ஆளைப் பற்றி ஒரு கற்பனையை வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஆள் யார் என்பதுதான் கேள்வி.

மேசையிலிருந்து தொடங்கலாம். திரையை அலுவலக மேசையாகவும், அதன்மேல் கிடக்கும் காகிதங்களாகக் கோப்புகளையும் உருவகித்துச் சந்தைக்கு வந்த முதல் இயந்திரம் 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்டார். ஒன்றின் விலை 16,595 டாலர். அதாவது தனக்கென்று மேசையும், மேசைக்கென்று அறையும், அறைக்கு வெளியே உத்தரவுக்குக் காத்திருக்கும் ஆட்களும் உள்ள ஒருவருக்கான இயந்திரம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டாரில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாது. ஓடு பதித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 1985இல் வந்த முதல் விண்டோஸும் அப்படித்தான். பிறகுதான் ஒன்றை ஒன்று மறைக்கிற ஜன்னல் உலகப் பொதுவழக்கு ஆயிற்று. காகிதக் குவியலை நிஜமாக்கிக் காட்டுகிற ஆசையில் குவியலின் தொல்லையும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அடியில் கிடப்பதைத் தேடி எடுப்பதே தனி வேலை ஆயிற்று.

(தமிழில் மேசை, ஜன்னல் இரண்டுமே போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கிய சொற்கள். சாவியும் அலமாரியும்கூட. நம் சொல்லாக்கக்காரர்கள் ஜன்னலை மட்டும் 'சாளரம்' ஆக்கிச் சுத்தம் செய்துவிட்டு மேசையை அப்படியே விட்டுவிட்டார்கள். இதில் ஏதோ நியாயம் இருக்கலாம். நான் ஜன்னல் என்றே எழுதுகிறேன்.)

இந்தக் குவியலுக்கு மாற்றாக வந்ததுதான் அறை. அதே ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும் 1986இல் 'ரூம்ஸ்' என்ற ஏற்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்று மெய்நிகர் மேசைப்பரப்பு என்று நாம் சொல்வதற்கெல்லாம் கோட்பாட்டு அடிப்படையைத் தெளிவாக வைத்த எழுத்து அது. அவர்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட மாதிரி சுவாரசியமானது. பீட்டர் டென்னிங் 1968இல் கணினி நினைவகம் பற்றிச் சொன்னது: ஒரு நிரல் எந்த நேரத்திலும் தன் எல்லாப் பக்கங்களையும் தொடுவதில்லை, சிறு தொகுதி ஒன்றையே திரும்பத் திரும்பத் தொடும். அந்தத் தொகுதிக்கு இடம் இல்லாமல் போனால் இயந்திரம் பக்கங்களை உள்ளே கொண்டுவருவதும் வெளியே தள்ளுவதுமாக அடித்துக்கொள்ளும், வேலை ஓடாது. மனிதர்கள் ஜன்னல்களோடு படுகிற பாடும் இதேதான் என்றார்கள் ஹெண்டர்சனும் கார்டும். ஆக, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை. அந்த அறைக்குத் தேவையான ஜன்னல்கள் மட்டும் அங்கே. ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கதவு.

இந்தக் கட்டுரையை நான் இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை அசந்துபோனேன். வேலையின் பெயரால் இடத்தைப் பகுப்பது என்பது திணை படித்தவனுக்கு வீட்டுக்கு வந்ததுபோல. முதல், கரு, உரி என்று ஓர் ஒழுங்கு. ஒரே ஜன்னல் இரண்டு அறைகளில் இருக்கலாமா என்ற கேள்விக்கும் ரூம்ஸில் இடம் உண்டு: கூடவே தூக்கிக்கொண்டு போகிற 'மூட்டை' உண்டு, எல்லா அறையிலும் நம்மோடு வருகிற 'சட்டைப்பை' உண்டு. தொல்காப்பியம் திணை மயங்குவதைத் தடுக்கவில்லை, நிலம் மயங்குவதைத்தான் ஏற்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வாசிப்பில் வேறொன்று உறுத்தியது. இத்தனை அறைகள், கதவுகள், பின்கதவுகள், முழு வீட்டையும் ஒரே பார்வையில் காட்டும் படம் எல்லாம் இருக்கிற இந்த வீட்டில் வேறு ஆளே இல்லை. சமைக்கிறவள் இல்லை, கூட்டுகிறவர் இல்லை, அழுகிற பிள்ளை இல்லை. ஒற்றை ஆண் (ஆண் என்றுதான் எனக்குப் படுகிறது) ஓர் அறையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டைப்பையில் கடிகாரத்தோடு உலாவுகிறான். எனக்குத் தெரிந்த வீடுகளில் ஓர் அறைதான் இருக்கும். அதற்குள்ளேயே அடுப்படி, படுக்கை, தையல் மெஷின், பிள்ளை படிக்கும் மூலை. வேலை மாறும்போது ஆள் அறை மாற மாட்டாள்; அறை மாறும். பாயைச் சுருட்டினால் பட்டறை, விரித்தால் படுக்கை. 'இடநெருக்கடியைக் குறைப்பது' என்று அந்தக் கட்டுரைத் தலைப்பிலேயே வருகிறது. யாருடைய இடநெருக்கடி?

நியாயமாகப் பேச வேண்டும். இந்த ஏற்பாடு பின்னாளில் இலவசமாகவும் கிடைத்தது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கையில் 1990களின் தொடக்கத்திலேயே எஃப்விடபிள்யூஎம் போன்றவற்றின் வழியாகப் பல மேசைப்பரப்புகள் வந்துவிட்டன. ஆப்பிள் 2007இலும் மைக்ரோசாப்ட் 2015இலும்தான் தங்கள் அமைப்புக்குள் அதைச் சேர்த்தன. காசு கொடுத்தவன் காத்திருந்தான்.

முனையத்தின் கதை மேசையிலிருந்தும் தொடங்கவில்லை, அறையிலிருந்தும் தொடங்கவில்லை. அது கம்பியிலிருந்து தொடங்குகிறது. எங்கோ ஒரு பெரிய இயந்திரம்; அதற்கு ஒரு கம்பி; கம்பியின் இந்த நுனியில் நீங்கள். நுனி, அதாவது முனை. 1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விற்ற விடி100 என்ற முனையத்தின் திரை 80 பத்தி, 24 வரி. அந்த 80 எங்கிருந்து வந்தது? ஐபிஎம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து. இன்று என் மடிக்கணினியில் திறக்கிற கறுப்பு ஜன்னலும் பெரும்பாலும் 80 பத்தியில்தான் திறக்கிறது. எந்த அட்டையும் இல்லை, துளையும் இல்லை, கம்பியும் இல்லை. அளவு மட்டும் நிற்கிறது. பூத்ரியாரை இந்த இடத்தில் இழுக்கக் கை பரபரக்கிறது. வேண்டாம்.

தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்திருந்த காலத்தில் கம்பி அறுந்தால் இயந்திரம் உங்கள் நிரல்களுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். 'ஹேங்அப்', போனை வைத்துவிட்டார் என்று பொருள். சமிக்ஞை கிடைத்ததும் நிரல் செத்துப்போகும். நாலு மணிநேர வேலையும் போச்சு. இந்தப் பயத்துக்கு மறுமொழியாக வந்ததுதான் ஸ்கிரீன். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லாவ்மனும் கார்ஸ்டன் போர்மனும் 1987இல் எழுதியது. உங்களுக்கும் நிரலுக்கும் நடுவில் அது உட்கார்ந்துகொண்டு, நிரலிடம் 'நான்தான் முனையம்' என்று நடிக்கிறது. கம்பி அறுந்தால் அறுந்தது உங்களுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையில்தான். நிரலுக்கு ஒன்றும் தெரியாது. மறுபடி வந்து கோத்துக்கொண்டால் விட்ட வரியிலேயே சுட்டி மினுக்கிக்கொண்டு நிற்கும். ஒரே கம்பியில் பல ஜன்னல்களை மாற்றி மாற்றிப் பார்க்கிற வசதியும் கிடைத்தது. 2007இல் நிக்கலஸ் மாரியட் இதையே புதிதாக எழுதி டீமக்ஸ் என்று பெயர் வைத்தார். 2009இல் ஓபன்பிஎஸ்டி தன் அடிப்படைத் தொகுப்பிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. நான் பயன்படுத்துவது இதைத்தான்.

ரூம்ஸ் கற்பித்த ஆளுக்குத் தொல்லை மிகுதியால் வருகிறது. ஸ்கிரீன் கற்பித்த ஆளுக்குத் தொல்லை துண்டிப்பால் வருகிறது. மின்வெட்டு வந்துகொண்டே இருக்கிற ஊரில், பக்கத்து வீட்டு வைஃபையில் ஒண்டிக்கொண்டு எழுதுகிறவனுக்கு எது தன் கதை என்று சொல்ல வேண்டியதில்லை.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். டீமக்ஸில் ஒரு அமர்வுக்குள் பல ஜன்னல், ஒரு ஜன்னலுக்குள் பல பலகம். ஆனால் டீமக்ஸ் 'ஜன்னல்' என்பதை வெளியுலகம் 'டேப்' என்கிறது. ஈமாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் 'ஜன்னல்' என்றால் அது டீமக்ஸின் பலகம். உலகம் ஜன்னல் என்பதை அவர்கள் 'சட்டகம்' என்பார்கள். விம் பதிப்பானில் டேப் என்பது ஒரு கோப்பே இல்லை. பல ஜன்னல்களின் ஏற்பாடு. குறிப்பான் ஒன்றுதான், குறிப்பீடு ஆளுக்கு ஆள் வழுக்கிக்கொண்டு போகிறது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். விழுந்தவரைப் பார்த்து 'கையேட்டைப் படி' என்று சொல்லும் குரல் ஒன்று இந்த வட்டாரத்தில் நிரந்தரமாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. சூத்திரம் தெரியாதவனுக்கு உரை கிடையாது என்கிற குரல். நமக்குப் பழகிய குரல்தான்.

இதன் உச்சம் டிடபிள்யூஎம். 2006இல் வந்தது. இரண்டாயிரம் வரி நிரலைத் தாண்டுவதில்லை என்ற விரதம். ஜன்னல்களைத் தானே ஓடு பதித்ததுபோல் அடுக்கிக்கொள்ளும். அறைகளை இது ஒழித்துவிட்டது என்றே சொல்லலாம்: அறைக்குப் பதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒட்டுச்சீட்டுகள். ஒரு ஜன்னலுக்கு எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம்; எந்தச் சீட்டுகளைப் பார்க்க விரும்புகிறீர்களோ அவற்றின் கூட்டு திரையில் வரும். ரூம்ஸுக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. ஆனால் இதை மாற்றியமைக்க அமைப்புக் கோப்பு கிடையாது; சி மொழி மூலநிரலையே திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். இதனால் பயனர் கூட்டம் சிறியதாகவும் மேட்டுக்குடியாகவும் இருக்கும், முட்டாள் கேள்வி கேட்கும் புதியவர்கள் வர மாட்டார்கள் என்று அதை எழுதியவர்களே தங்கள் அறிமுகப் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கிண்டல்தான் என்பார்கள். அக்ரகாரத்துக் கிண்டல்களும் கிண்டலாகத்தான் சொல்லப்பட்டன.

அதன் அடுக்குமுறைக்குப் பெயர் 'மாஸ்டர்', 'ஸ்டாக்'. ஒரு ஜன்னல் ஆண்டை. திரையில் நூற்றுக்கு 55 பங்கு அதற்கு. மீதி ஜன்னல்கள் எத்தனையானாலும் எஞ்சிய 45க்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும். எங்கள் ஊர் வரைபடம் இதேதான். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே வரிசையில் நிற்கும் எதையும் இரண்டு விசைகளை அமுக்கி ஆண்டை இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், ஆண்டை முனகாமல் வரிசைக்குப் போகும். இடம் நிரந்தரம், ஆள் நிரந்தரம் இல்லை. இதைக் கொண்டாடுவதா, அந்த 55 பங்கு அப்படியே இருக்கிறதே என்று கேட்பதா? தோழர்கள் யோசிக்கட்டும்.

இனி என் கதை. பிரதி திருத்தும் வேலை பார்த்த ஓரிடத்தில் எல்லாருடைய கணினியிலும் கண்காணிப்பு நிரல் போட்டிருந்தார்கள். எந்த ஜன்னல் எவ்வளவு நேரம் முன்னால் இருந்தது என்று அது குறித்துக்கொண்டே வரும். ஜன்னல்களுக்குத் தரம் உண்டு: 'உற்பத்தி', 'உற்பத்தி அல்லாதது', 'வகைப்படுத்தப்படாதது'. நான் எட்டு மணிநேரமும் ஒரே கறுப்பு ஜன்னலுக்குள் இருந்தேன். அதன் உள்ளே நான்கு அமர்வு, பதினைந்து பலகம், மதுரைத் திட்டத்தின் கோப்புகள், அகராதி, திருத்தப் பட்டியல். வெளியிலிருந்து பார்க்கிற நிரலுக்கு இது எதுவும் தெரியாது. அதற்கு நான் காலை ஒன்பதரையிலிருந்து மாலை வரை 'வகைப்படுத்தப்படாத' ஒன்றை வெறித்துக்கொண்டிருந்த ஆள். மாத முடிவில் என் பெயருக்கு எதிரே சிவப்பு. திருத்திய பக்கங்களின் எண்ணிக்கை கூடத்தில் முதலிடம்; ஆனால் அந்தப் பட்டியல் வேறு ஆளிடம் போகிறது.

மேலாளர் கூப்பிட்டார். "தம்பி, நீ வேலை பாக்கலன்னு நான் சொல்லல. பாக்கறது தெரியலன்னு சொல்றேன்" என்றார். இந்த வாக்கியத்தை வைத்து ஃபூக்கோவுக்கே வகுப்பெடுக்கலாம். கடைசியில் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி ஜன்னலாக, மேலே பெயர் தெரிகிறமாதிரி திறக்கச் சொன்னார்கள். செய்தேன். உற்பத்தி பச்சையாயிற்று, பக்கங்கள் குறைந்தன. யாரும் கேட்கவில்லை.

இதை ஒரு கலகக் கதையாகச் சொல்லும் சபலம் எனக்கு இருந்தது. பத்திரிகைகளில் இப்போது தனிமனிதத் தந்திரத்தையெல்லாம் எதிர்ப்பு என்று எழுதுகிற பழக்கம் பெருகியிருக்கிறது. நான் ஒளிந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். பக்கத்து இருக்கைகளில் பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, 'அண்ணா, அந்தக் கறுப்பு ஸ்கிரீன எங்களுக்கும் சொல்லித் தாங்க' என்று கேட்டாள். 'அது கொஞ்சம் கஷ்டம்மா' என்றேன். கஷ்டம் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக அது இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. மேலே மேட்டுக்குடி என்று வைதேனே, அந்தக் குடியில் நானும் ஒரு வருஷம் குடியிருந்தேன்.

தமிழுக்கு இந்தக் கட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முனையம் என்பது சதுரங்கப் பலகை. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். சீன, ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு. எந்த எழுத்துக்கு எத்தனை கட்டம் என்று சொல்ல ஒரு கணக்கு உண்டு. மார்க்கஸ் கூன் எழுதிய சிறு நிரல் பலராலும் எடுத்தாளப்பட்டது. அது யூனிகோடின் வகைப்பாட்டை நம்புகிறது. யூனிகோடில் இகரக் கொக்கி இடம் பிடிக்கும் குறி. ஈகாரச் சுழி மேலே ஏறி உட்காரும், இடம் பிடிக்காத குறி. ஆகவே இந்தக் கணக்கை அடியொற்றும் முனையத்தில் 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரு கட்டம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று சின்ன வயசில் கைநொடித்துக் கற்றவன் இதைப் பார்த்தால் என்ன ஆவான்! 'கொ' என்பதற்கு மூன்று உரு, இரண்டு கட்டம். கொம்பு ஒரு பக்கம் போக, கால் பலகத்தின் எல்லைக்கோட்டில் மோதி நிற்கும். திரையை இரண்டாகப் பிரித்துத் தமிழ்ப் பிரதிகளை ஒப்புநோக்கும்போது நடுக்கோடு குடிகாரன் மாதிரி வளைந்து வளைந்து வரும். துளை அட்டையின் கட்டத்தில் தமிழுக்கு ஒருபோதும் இடம் ஒதுக்கப்படவில்லை. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. நாங்கள் தினமும் இந்த வளைந்த கோட்டை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம்.

நாங்கள் என்றேன். தஞ்சைப் பக்கத்தில் ஒரு தோழர், நடவுப் பெண்களின் பாட்டுகளைப் பதிவு செய்து எழுத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். என்னைவிட மூத்தவர். அவரிடம் கணினி இல்லை, போன்தான். போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு, ஒரு பழைய சர்வரில் நான் திறந்துவைத்த டீமக்ஸ் அமர்வில் அவரும் வந்து கோத்துக்கொள்வார். ஒரே பிரதி, இரண்டு பேர், இரண்டு ஊர். அவர் தட்டுவது என் திரையில் எழுத்தெழுத்தாக வரும்.

பழைய டீமக்ஸில் ஒரு விதி இருந்தது. ஒரே ஜன்னலைப் பலர் பார்த்தால், யாருடைய திரை மிகச் சிறியதோ அவருடைய அளவுக்கு எல்லாருடைய திரையும் சுருங்கும். தோழர் உள்ளே வந்த கணத்தில் என் 190 பத்தி அகலத் திரை அவர் போனின் 48 பத்திக்கு ஒடுங்கிவிடும். மிச்சப் பரப்பெல்லாம் வெறும் புள்ளிகள். எனக்கு எரிச்சலாக வரும். இது குறை என்று பலரும் சொல்லியிருப்பார்கள்போல. 2019இல் வந்த 2.9 பதிப்பில் அளவை யார் தீர்மானிப்பது என்பது ஒரு தெரிவாக ஆயிற்று, அதற்கடுத்துக் கடைசியாகத் தொட்டவருடைய அளவே இயல்பு என்று ஆயிற்று.

சர்வரைப் புதுப்பித்தபோது நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஒரு வாரம் கழித்துத் தோழர் போனில் கூப்பிட்டார். "நீங்க டைப் பண்றப்ப எனக்குப் பாட்டு பாதிதான் தெரியுது தோழர். வரி முடியறதுக்குள்ள ஓரத்துல வெட்டிக்குது. நான் தொட்டா சரியாவுது, நீங்க தொட்டா திரும்பப் போயிருது. நானும் தொட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "போன வாரத்துலேந்து. உங்களுக்கு வேலை இருக்குமேன்னு சொல்லல" என்றார்.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதி, 'மிகச் சிறியது' என்ற தெரிவைப் போட்டேன். அன்றைக்கு நாங்கள் திருத்திக்கொண்டிருந்தது களை எடுக்கும்போது பாடுகிற ஒரு பாட்டு. ஆண்டையின் பெயர் வருகிற இடத்தில் ஒவ்வொரு ஊரிலும் பெண்கள் வேறு வேறு பெயர் போட்டுப் பாடுகிறார்கள்; எதை மூலமாக வைப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு. எல்லாப் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடலாம் என்றார் அவர். எழுதத் தொடங்கினார். 48 பத்தியில் ஒரு வரிக்கு இரண்டு பெயர்தான் பிடித்தது.